ஹோல்டும் ரிலீசும்

மண்ணூரில் நான் குடியிருக்கும் வீட்டில் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சுக்கு மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதில் ஆங்கிலத்தில் ஹோல்ட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். எங்கள் தொழிற்சாலையில் சந்தேகத்துக்கு இடமான பாகங்களின் மேல் ஒட்டுவது அது. ஒருநாள் என் சீருடைப் பையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. துவைக்கப் போட்ட சட்டையில் அதைப் பார்த்த வீட்டுக்கார ராணி அக்கா, "இன்னாம்மா இது செவப்பா கீது?" என்று கேட்டார். யாரும் தொடக் கூடாது என்று அர்த்தம் என்றேன். அவ்வளவுதான், மறுநாள் காலை அது மோட்டார் சுவிட்சில் இருந்தது. மாடியில் எட்டு அறைகள், எட்டிலும் தென் மாவட்டத்துப் பெண்கள். யாராவது மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை வழியவிட்டுவிடுவார்கள் என்று அக்காவுக்கு எப்போதும் ஒரு கண். எங்களிடம் வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு ஆங்கில வார்த்தையை ஒட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார். ஊரில் என்றால் தெருவில் நின்று கத்திச் சொல்லியிருப்பார்கள். இங்கே கத்துவதில்லை, ஒட்டுகிறார்கள். வந்த புதிதில் இந்த வித்தியாசம் எனக்கு மரியாதை மாதிரித் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. கார் கதவுக்குள் பொருத்தும் பிளாஸ்டிக் கிளிப்புகள் செய்கிறோம். அச்சிலிருந்து விழும் கிளிப்புகள் நீல டப்பாக்களில் என் மேசைக்கு வரும். விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்க வேண்டும். விரிசலோ பிசிரோ இல்லையென்றால் டப்பாவின் மேல் பச்சை ஸ்டிக்கர்: ரிலீஸ். அது வாடிக்கையாளரிடம் போகலாம். ஏதாவது உறுத்தினால் சிவப்பு: ஹோல்ட். அதை எடுத்துக் கம்பி வேலி போட்ட ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். அந்த மூலைக்குப் போன டப்பா பெரும்பாலும் திரும்பி வராது. இந்த இரண்டு வார்த்தைகளை எட்டு மணி நேரமும் கையால் தொட்டுக்கொண்டிருப்பதுதான் என் வேலை. எது நல்லது, எது கெட்டது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சை நல்லது, சிவப்பு கெட்டது.

இந்த வார்த்தைகள் எனக்கு இங்கே வந்துதான் அறிமுகமானவை என்றும் சொல்ல முடியாது. சங்கரன்கோவிலில் இருந்து எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி "ஹோல்டான்" என்று குரல் கொடுப்பார். அது ஆங்கிலம் என்றே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பையோடு இறங்குவதற்குள் வண்டி நகர்ந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு சேர்ந்து மனதில் பதிந்த சத்தம் அது. ரிலீஸ் என்றால் சினிமா. சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள் என்றால் தெருவே கலகலப்பாகிவிடும். எங்கள் தெருவில் ஒருவர் ஏதோ அடிதடி வழக்கில் பாளையங்கோட்டை சிறையில் இருந்தார். அவர் வந்த அன்று "ரிலீஸ் ஆயிட்டாரு, ரிலீஸ் ஆயிட்டாரு" என்று அவருடைய மகள் வீடு வீடாக ஓடிச் சொன்னது நினைவிருக்கிறது. அந்த வீட்டில் அன்றைக்குக் கறிச்சோறு. ஆக, ஊரிலும் சரி, மேசையிலும் சரி, ரிலீஸ் என்றால் எனக்குச் சந்தோஷமான சொல்தான். ஹோல்ட் என்றால் ஏதோ ஒன்று தடைபட்டு நிற்கிறது. இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம், நான் செய்ததற்கு ஒரு சாக்குத் தேடுகிறேனோ என்னவோ. படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் அறையில் என்னோடு இருந்தவள் எஸ்தர். சாத்தான்குளம் பக்கம். செம்மண் தேரிக்காட்டு ஊர். நாங்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே வேலைவாய்ப்பு முகாம் மூலம் வந்தவர்கள். ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்தோம். அவள் பேசினால் நெல்லைத் தமிழ் வேகமாகக் கொட்டும். இங்குள்ளவர்கள் பாதி புரியாமல் சிரிப்பார்கள். நான் கொஞ்சம் அடங்கியவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சர்ச்சுக்குப் போய்விட்டு வருவதற்குள் நான் குழம்பு வைத்துவிடுவேன். அவள் வந்து மீன் பொரிப்பாள். ஒரே பாயில் படுத்தோம். ஊரில் எனக்குத் தங்கை உண்டு, ஆனால் தங்கையிடம் சொல்லாததை எல்லாம் எஸ்தரிடம் சொன்னேன். எனக்குக் கல்யாணம் பேசி முடிக்க அம்மா அவசரப்படுவதும், இந்த வேலை இருக்கும் வரைதான் அதைத் தள்ளிப்போட முடியும் என்பதும் அவளுக்கு மட்டும் தெரியும். வேலை போனால் அடுத்த மாதமே எனக்குத் தாலி ஏறிவிடும். அது மிகைப்படுத்தல் இல்லை. அம்மா ஜாதகங்களைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவளும் என்னிடம் ஒன்று சொன்னாள். நான் லீவில் ஊருக்குப் போயிருந்த சமயம் ஒருநாள் அவளுடைய அப்பா பனையிலிருந்து விழுந்துவிட்டார் என்று உணவு இடைவேளையில் போன் வந்தது. எந்த ஆஸ்பத்திரி, உயிருக்கு என்ன என்று எதுவும் தெரியவில்லை. இடைவேளை முடிந்து வந்தவள் கை நடுங்கிக்கொண்டே இருந்ததில் ஒரு டப்பாவைப் பார்க்காமலே பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். மறுநாள் காலை முதல் ஆளாக வந்து அதைத் தேடினாள். அது ஏற்கெனவே லாரியில் ஏறிப் போயிருந்தது. எந்தப் புகாரும் வரவில்லை. அப்பாவும் இடுப்பு முறிவோடு பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்த ஒரு டப்பா அவளை விடவில்லை. "யாருக்கிட்டயும் சொல்லிராத முத்து" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லவில்லை. ஒன்றரை வருடம் சொல்லவில்லை.

பிறகு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் வந்தது. நாங்கள் அனுப்பிய கிளிப்புகளில் ஒரு தொகுதி முழுக்க விரிசல். நானும் எஸ்தரும் மேசையில் இருந்த வாரத்தில் போனவை. அன்றிலிருந்து தொழிற்சாலையின் காற்றே மாறிவிட்டது. இரண்டு வருடமாக யாரும் நிமிர்ந்து பார்க்காத கேமராவை எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எங்கள் தலைக்கு மேல் இன்னொன்று பொருத்தினார்கள். கம்பெனி பஸ்ஸில் முன்பெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கதை ஓடும். இப்போது ஏறியதும் ஆளாளுக்குக் காதில் ஒயரைச் செருகிக்கொண்டார்கள். பாட்டுக் கேட்கிறார்களா, பேசுவதைக் கேட்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். யார் யாரை அலுவலகத்துக்குக் கூப்பிடுகிறார்கள், எவ்வளவு நேரம் கழித்து வெளியே வருகிறார்கள், வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்று கணக்கெடுப்பதே என் வேலையாகிவிட்டது. எங்கள் ஊரில் சந்தேகம் வந்தால் குழாயடியில் வைத்து முடியைப் பிடித்துக் கேட்டுவிடுவார்கள். பத்து நாள் பேச்சு இருக்காது, பதினோராம் நாள் ஏதாவது ஒரு சாவு வீட்டில் சேர்ந்து அழுவார்கள். அது நல்லது என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் நம்மைச் சந்தேகப்படுகிறார்கள் என்பதாவது அங்கே தெரியும்.

அந்த வாரம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க ஜப்பானிலிருந்து வந்திருக்கும் எங்கள் மேனேஜரின் அறைக்குப் போனேன். அவர் எழுந்து போய் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு தாள் கிடந்தது. பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. பட்ட பிறகு பார்த்தேன். கையால் எழுதிய இரண்டு பத்திகள். இடது பக்கம் மேலே ஹோல்ட். வலது பக்கம் மேலே ரிலீஸ். கீழே பெயர்கள். ஹோல்டுக்குக் கீழே மூன்றாவதாக என் பெயர். ரிலீசுக்குக் கீழே, வரிசையின் முதலிலேயே, எஸ்தர்.

மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். என்னைச் சந்தேகத்தில் வைத்திருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்து அதே டப்பாக்களைப் பார்த்த எஸ்தரை மட்டும் சரி என்று விட்டுவிட்டார்கள். எப்படி? யாராவது ஏதாவது சொல்லாமல் எப்படி இரண்டு பேரைப் பிரிக்க முடியும்? நேற்று சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய நாளும் கூப்பிட்டிருந்தார். சூப்பர்வைசர் பெயர் தணிகாசலம், மணிமங்கலத்துக்காரர். தணிகை சார் என்போம். சாயங்காலம் அறைக்கு வந்ததும் சாதாரணமாகக் கேட்பது போல, தணிகை சார் எதற்குக் கூப்பிட்டார் என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"சும்மாதான் கூப்பிட்டாவ" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எஸ்தர் அப்படிச் சொல்கிறவள் இல்லை. சும்மா கூப்பிட்டதைக்கூட அரை மணி நேரம் நடித்துக்காட்டுவாள். அடுத்த நான்கு நாட்கள் அவளை நான் கவனித்ததைப் போல ஒரு கிளிப்பையும் கவனித்திருக்க மாட்டேன். அவள் மொட்டை மாடிக்குப் போய்ப் போன் பேசினாள், நான் துணி காயப்போடப் போனால் பேச்சை நிறுத்தினாள். சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள். ஒருமுறை, ஊருக்குப் போனால் உனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று என்னிடம் கேட்டாள். நான் போகப்போவது உறுதியாகி, அதை எனக்குப் பக்குவமாகச் சொல்லப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் பொருந்தியது. சந்தேகம் வந்துவிட்டால் பொருந்தாத விஷயமே உலகத்தில் இல்லை. குற்ற உணர்ச்சியில்தான் அவள் சாப்பிடவில்லை என்று நான் முடிவுகட்டினேன். அதே வாரம் அம்மா போன் செய்து கடையநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்திருப்பதாகச் சொன்னார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். அம்மாவுக்கும் யாரோ தகவல் சொல்லிவிட்டார்களோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் தேநீர் இடைவேளையில் தணிகை சாரிடம் போனேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். போன வருடம் எஸ்தர் ஒரு டப்பாவைப் பார்க்காமலே ரிலீஸ் ஒட்டியிருக்கிறாள் என்று சொன்னேன். அவள் அப்பா விழுந்ததைச் சொல்லவில்லை. கை நடுங்கியதைச் சொல்லவில்லை. மறுநாள் காலை ஓடிவந்து தேடியதையும் சொல்லவில்லை. அந்த மூன்றையும் விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அவர் பாட்டிலை மூடினார். "இத்த நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அவளே எங்கிட்டச் சொன்னா."

திட்டுவார் என்று நினைத்தேன். பாராட்டுவார் என்றும் ஒரு மூலையில் நினைத்தேன். "சரி, லைனுக்குப் போ" என்று மட்டும் சொன்னார். அன்று மதியம் எனக்கு நன்றாகப் பசித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. நான்கு நாட்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் பத்து மணிச் சுற்றில் ஜப்பான் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். எஸ்தர் குடோனில் ஸ்டிக்கர் கட்டு வாங்கப் போயிருந்தாள். வழக்கமாக அவரோடு வரும் மொழிபெயர்ப்பாளர் அன்று இல்லை. அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு நாற்பது வார்த்தை தெரியும், எனக்கு ஒரு அறுபது. ஒருவர் வார்த்தை மற்றவருக்குப் புரிவது பாதிதான். ஆனாலும் அவர் பெரிய பூதக்கண்ணாடியில் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் தலையசைத்ததும் எனக்குத் துணிச்சல் வந்தது. என் பெயர் இன்னும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துக் காட்டி, பிறகு என் மார்பைத் தொட்டுக் காட்டி, "சார், மை நேம், ஹோல்ட். பேட்?" என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் கண் சுருங்கச் சிரித்தார். "நோ, நோ. ஹோல்ட், குட்" என்றார். வலது கையை இறுக்கி மூடி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக் காட்டினார். அதில் எனக்கு நல்ல செய்தி சொல்லும் சந்தோஷம் இருந்தது. நான் பச்சை ஸ்டிக்கரைத் தொட்டேன். "ரிலீஸ்?" என்றேன். அவர் சிரிப்பு குறைந்தது. மூடிய கையை முன்னால் நீட்டி, மெதுவாக விரல்களைத் திறந்தார். உள்ளே இருந்த எதுவோ பறந்து போய்விட்டதைப் போல வெறும் கையைப் பார்த்தார். "ரிலீஸ்... லைன் கட். சாரி" என்று சொல்லிவிட்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்பவர் போல லேசாகக் குனிந்து நகர்ந்துவிட்டார்.

அந்த வெறும் கையைப் பார்த்தபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் புரியவில்லை என்று நடித்துக்கொண்டு இன்னும் நான்கு டப்பாக்களைப் பார்த்தேன். பிறகு எழுந்து தணிகை சாரைத் தேடிப் போனேன். அவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னதன் சாரம் இது. ஒரு கார் மாடல் நின்றுபோகிறது, அதனால் அதற்கு கிளிப் செய்யும் லைனை மூடுகிறார்கள். ஒப்பந்தம் முடியும்போது யாரை வைத்துக்கொள்வது, யாரை விட்டுவிடுவது என்பதற்குத்தான் அந்தத் தாள். விரிசல் புகாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, விரிசல் அச்சின் சூட்டுக் கோளாறில் வந்ததென்று ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். எஸ்தரைக் கூப்பிட்டு அவள் பெயர் விடுகிற பக்கத்தில் இருப்பதைச் சொன்னது அவர்தான். யாரிடமும் மூச்சுவிடாதே, பேசி மாற்றிப் பார்க்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவள் சும்மாதான் என்றாள். அதனால்தான் சாப்பிடவில்லை.

"அந்தப் பொண்ண இந்தாண்ட மாத்தணும்னு நாலு நாளா மேல மல்லுகட்டிகினு இருந்தேன்" என்றார் தணிகை சார். "கை சுத்தம், தப்பே வராது, அதான் நான் பேசினது. நீ வந்து சொன்னப்புறம் அந்த வாயால இன்னான்னு பேசறது?"

நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் சார் என்றேன்.

"பொய்யா சொன்ன?"

"இல்ல சார்."

"அப்போ எத்த வாபஸ் வாங்குவ?"

அப்போதுதான் அப்பா விழுந்ததையும், கை நடுங்கியதையும், மறுநாள் தேடியதையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார். நேற்று அதைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரு வழி பார்த்திருப்பேன், இன்று காலை பட்டியல் கையெழுத்தாகிப் போய்விட்டது என்றார். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் நான்கு நாள் மல்லுக்கட்டியதும் உண்மையா, அல்லது தன்னால் முடியாததற்கு என்னைக் காரணமாக்கிக்கொண்டாரா என்றும் தெரியாது. தன் மேலான சந்தேகத்தை இன்னொருவர் மேல் தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம் என்பது நானே செய்து பார்த்ததுதானே. அவர் நல்லவர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் முழுதாக நினைக்க முடியவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் எஸ்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். இறங்கி வீட்டுக்கு நடக்கும் பாதையில், மளிகைக் கடைக்கு எதிரே, எல்லாவற்றையும் சொன்னேன். தாளைப் பார்த்தது, இரண்டு வார்த்தையை மாற்றிப் புரிந்துகொண்டது, தணிகை சாரிடம் போனது, மேனேஜர் கையால் காட்டியது. அவள் அமைதியாகக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முடித்ததும் கடையில் இருந்த ஷாம்பு சரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜப்பான்காரர்ட்ட போயி அர்த்தம் கேக்கத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "ஒரே பாயில கெடக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே ஏட்டி."

கேட்டேனே, எதற்குக் கூப்பிட்டார் என்று கேட்டேனே, நீதான் மறைத்தாய் என்று வாய்வரை வந்தது. ஆனால் நான் கேட்டது கேள்வி இல்லை, பொறி என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. எனக்கு அவள் என் முடியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம் என்று இருந்தது. குழாயடியில் நடப்பதுபோல நடந்திருந்தால் பதினோராம் நாள் என்று ஒன்று இருந்திருக்கும். அவள் நேராக அறைக்கு வந்து இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அரிசி களைந்தாள். அன்றிலிருந்து பத்தொன்பது நாள் அறையில் இருந்தாள். தேவையானதைப் பேசினாள். பாயை மட்டும் சுவரோரம் தனியாகப் போட்டுக்கொண்டாள். போகிற அன்று நான் முதல் ஷிப்டில் இருந்தேன். வந்து பார்த்தபோது அவளுடைய ஆணியில் சட்டை இல்லை.

அவளுக்காக நானும் வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரை நன்றாக முடியும். விடவில்லை. ஒப்பந்தம் நீட்டித்தார்கள், கையெழுத்துப் போட்டேன். கடையநல்லூர் வரனை அம்மா கைவிட்டார். எஸ்தர் இருந்த எதிர்ப்பக்கம் இப்போது செய்யாறிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்கிறாள். அவளிடம் நான் எதையும் சொல்வதில்லை. அவள் ஏதாவது சொல்ல வந்தாலும், வேண்டாம் என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவளிடம் எதற்குக் கொடுக்கிறாய் என்று அவளுக்கு எப்படி விளக்குவது? எனக்கு இப்போது மற்றவர்கள் மேல் இருக்கும் சந்தேகத்தைவிட என் மேல்தான் அதிகம். அந்த இரண்டு வார்த்தைகளும் முதலிலேயே சரியாகப் புரிந்திருந்தால்? வைத்துக்கொள்ளும் பக்கத்தில் எஸ்தரும், விட்டுவிடும் பக்கத்தில் நானும் இருந்திருந்தால்? அப்போதும் தணிகை சாரிடம் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. அந்த மதியம் எனக்குப் பசித்தது நினைவுக்கு வருகிறது. ஆங்கிலம் தெரியாததால் நடந்த தவறு என்று என் மேல் இரக்கப்பட்டு நாலு பேர் சொன்னார்கள். மேசையில் கிடந்த தாளில் இருந்தது ஆங்கிலம். தணிகை சாரிடம் நான் சொன்னது சுத்தமான தமிழ்.

இங்கே என்னைப் போல அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல நினைத்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. யாரையும் நம்பாதே என்று இங்கே வந்த முதல் வாரமே எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதும் அதைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஊருக்கும் இந்த இடத்துக்கும் வித்தியாசமே இல்லை. நானும் அதைச் சரியாகத்தான் கடைப்பிடித்தேன்.

ஏழு மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் தென்காசிக்கு என்று பொய் சொல்லிவிட்டு சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து மினிபஸ்ஸில் எஸ்தரின் ஊர். சொல்லாமல் போனேன், சொன்னால் வராதே என்பாளோ என்ற பயம். வீட்டில் அவள் அம்மாவும், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பாவும் இருந்தார்கள். எஸ்தருக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை கிடைத்திருக்கிறது, சாயங்காலம் வருவாள் என்றார்கள். ஒரே அறையில் இருந்த பிள்ளை என்று தெரிந்ததும் அந்த அம்மா என்னை விடவில்லை. அவர்களிடம் எஸ்தர் எதையுமே சொல்லியிருக்கவில்லை. கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அவள் அப்பா, மகளுக்கு அங்கே துணையாக இருந்ததற்காக என்னிடம் நன்றி சொன்னார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

எஸ்தர் வந்தாள். என்னைப் பார்த்து வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே வந்து பையை மாட்டிவிட்டு, "எப்ப வந்தே?" என்று கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு இடம் கொடுக்காமல் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் அப்பாவின் இடுப்பைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தாள். பின்பக்கம் கை கழுவப் போன இடத்தில் தனியாக இருந்தபோது ஆரம்பித்தேன். அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"நீ சொன்னதுனால போச்சுன்னு நான் நெனைக்கல" என்றாள். "ஆனா நீ சொல்லாம இருந்திருந்தா, அங்கேருந்து ஒன்னப் பிரியறோமேன்னு அழுதுக்கிட்டாவது வந்திருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டே."

மன்னித்தாளா என்று கேட்காதீர்கள், அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. கருப்பட்டி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அதை அவளுடைய அம்மா கொடுக்கச் சொன்னாரா, அவளாகக் கொடுத்தாளா என்றும் கவனிக்கவில்லை. கவனித்து எதையாவது முடிவுகட்டிவிடுவேனோ என்று வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன்.

மினிபஸ் நிறுத்தம்வரை அவள் அம்மாதான் வந்தார். எஸ்தர் வீட்டு வாசலோடு நின்றுகொண்டாள். வண்டி வந்ததும் அந்த அம்மா, "ஊருக்குப் போயிச் சேந்ததும் ஒரு போன் பண்ணிரும்மா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு ஏறினேன். சங்கரன்கோவில் பக்கத்து எங்கள் ஊரைச் சொல்கிறாரா, மண்ணூரைச் சொல்கிறாரா என்று கேட்டிருக்கலாம். தேரி மணல் இரண்டு பக்கமும் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ராணி அக்கா. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்களாம், என் அறைச் சாவி வேண்டுமாம். "ஊர்லேர்ந்து எப்போ வர்றே?" என்று கேட்டார். நாளை மறுநாள் என்றேன். வைத்த கையோடு அம்மா கூப்பிட்டார். தென்காசியில் இவ்வளவு நேரம் என்ன வேலை என்று கேட்டார். பிறகு, பக்கத்து வீட்டில் நிச்சயதார்த்தம் இருப்பதைச் சொல்லி, மண்ணூருக்குப் போனால் அடுத்து "ஊருக்கு எப்ப வருவே?" என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன். போனைப் பைக்குள் வைத்தேன். கண்டக்டர் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டார். பஸ் போகும் கடைசி இடத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.